ஒன்று குறைகிறது

செவ்வாய்க்கிழமைகளில் கிளப் எங்களுடையதல்ல.
போலீஸ் திடலில் மண்மேடு சரிந்துவிட்டதாம்.
டெண்டர் முடியும்வரை இங்கே சுட்டுக்கொள்ளட்டும் என்று
கமிட்டியில் கைதூக்கினார்கள்.
பல் டாக்டர் கூ மட்டும் தூக்கவில்லை:
செவ்வாய் அவர் சுடும் நாள்.

நான் பதிவேடு. நான் பசைச் சட்டி.
உறுப்பினர்கள் வட்டங்களைச் சுடுவார்கள்.
செவ்வாயன்றுதான் காகித மனிதர்கள் வருவார்கள்,
நெஞ்சில் ஓட்டை விழ விழக்
கறுப்புச் சதுரம் ஒட்டி நிறுத்துவேன்.
ஒருவன் நாலு தடவை சாகலாம்,
அதற்குப் பிறகு கிழித்துப் போடு என்கிறார் செயலாளர்.
காகித விலை ஏறிவிட்டது.

லாரியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இறங்குவார்கள்,
நாசி லெமாக் பொட்டலமும் தோளில் கையுமாக.
கோப்ரல் தனபாலன்
விசையை அழுத்துமுன் கண்ணை மூடிக்கொள்வார்.
இது எனக்கும் அவருடைய காகிதத்துக்கும் தெரியும்.
என்னிடம் மலாயில்தான் பேசுவார்,
பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் நிற்பதால்.

அன்று பாலிக் பூலாவ் மலையில் காலையிலிருந்தே மழை.
எண்ணிக் கொடுத்தது அறுநூறு தோட்டா.
எண்ணித் திரும்ப வேண்டியது அறுநூறு காலி உறை.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இன்னொரு தடவை எண்ணினார்கள்.
மூன்றாம் தடவை, தன் முறைக்குக் காத்திருந்த டாக்டர் கூ எண்ணினார்,
பல் எண்ணுகிறவரின் பொறுமையோடு.
அதே எண்.

ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
விசாரணை, அறிக்கை, மூன்று பிரதி.
இருபது பேர் பூட்ஸோடு மண்டியிட்டார்கள்.
லாலாங் புல்லை விரலால் கோதிக் கோதி,
பேன் பார்ப்பதுபோல.

எனக்குப் பார்த்த காட்சிதான்.
நான் குடியிருப்பது பாடாங் தெம்பாக்.
சுடும் திடல் என்று அர்த்தம்.
வெள்ளைக்காரன் சுட்டுப் பழகிய இடத்தில்
அடுக்குமாடி கட்டியவர்கள்
பெயரை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள்.
அங்கே ஒரு ராத்திரி, மணி இரண்டு,
இதே மாதிரி பூட்ஸ் என் வீட்டில் மண்டியிட்டது.
கட்டிலுக்கடியில். சாமிப்படத்துக்குப் பின்னால்.
அரிசி டின்னைக் கவிழ்த்து.
தம்பி கைலியோடு சுவரைப் பார்த்து நின்றான்.
எங்களுடையது பதிமூன்றாம் மாடி, ஏழாம் கதவு.
அவர்களுக்கு வேண்டியது ஏழாம் மாடி, பதிமூன்றாம் கதவு.
தெரிந்ததும் போய்விட்டார்கள்.
கதவை மெதுவாகத்தான் சாத்தினார்கள்.
விடியும்வரை அரிசி பொறுக்கினேன்.
குறைகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது சொல்லலாம்:
உறை என் மழைக்கோட்டின் தலைமூடிக்குள் கிடந்தது.
கடைசிச் சுற்றில் கழுத்தோரம் சுரீரென்றது,
கொசு என்று நினைத்தேன்.
முதல் எண்ணிக்கையிலேயே
கொசு இல்லை என்று தெரிந்துவிட்டது.

நான் பசை கிண்டிக்கொண்டிருந்தேன்.
பழிவாங்கல் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை.
அந்த அரிசிக்கு
ஒரு கால் மணி நேரம்.

இன்ஸ்பெக்டரின் முழங்காலில் சேறு.
டாக்டர் கூவின் வெள்ளைக் காற்சட்டை வெள்ளையாக இல்லை.
தனபாலன் தேடுவதை நிறுத்திவிட்டு
பசை கிண்டும் என் கையைப் பார்த்தார்.
கண்ணை மூடவில்லை.
பிறகு எல்லார் முன்னாலும், தமிழில்:
"அக்கா, உங்க பக்கமும் கொஞ்சம் பாருங்களேன்."

கோட்டைக் கழற்றி உதறினேன்.
சிமெண்டில் உருண்டு
வடிகால் ஓரம் வரை போய் நின்றது.
ஆறியிருந்தது.

தெரிமா காசி, காக், என்றார் இன்ஸ்பெக்டர்,
இடுப்பைப் பிடித்து எழுந்துகொண்டே.
பதிவேட்டில் எழுதினேன்: குறைவு இல்லை.

லாரி இறங்கிப் போன பிறகு
தனபாலனின் காகிதத்தைப் பார்த்தேன்.
ஒரே ஒரு ஓட்டை,
மனிதனின் காதுக்கு அப்பால், வெறும் வெளியில்.
கறுப்புச் சதுரம் அங்கே ஒத்துவராது.
வெள்ளைத் துண்டு தேடிக்கொண்டிருந்தேன்.